ஆக்சிஜனேற்ற அழுத்தமும் நாள்பட்ட நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்களின் மாத்திரைப் பையில் பல நேரம் ஓர் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ (ஆக்சிஜனேற்றத் தடுப்பு) மாத்திரையும் கிடக்கும். எதற்கு என்று கேட்டால் ‘சத்துக்கு’ என்பார்கள். அந்த மாத்திரைக்குப் பின்னால் எழுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அது எதைக் கண்டுபிடித்தது, எங்கே சறுக்கியது என்பதைப் பார்க்கலாம்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது என்ன? மன அழுத்தத்தின் இன்னொரு பெயரா?

இல்லை. இது உயிரணுவுக்குள் நடக்கும் வேதியியல். நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி உயிரணுவில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், நான்கு எலக்ட்ரான்களைப் பெற்றுத் தண்ணீராக முடிகிறது. சில மூலக்கூறுகள் மட்டும் ஒரே ஓர் எலக்ட்ரானோடு பாதியில் வெளியேறிவிடும். அதற்கு சூப்பராக்சைடு என்று பெயர். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பக்கத்தில் புரதத்தோடு பிணையாத இரும்பு இருந்தால், அதிலிருந்து ஹைட்ராக்சில் என்ற மிகக் கொடிய ஃப்ரீ ரேடிகல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு) பிறக்கும். எதிரே வருவது கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ, எதுவானாலும் தாக்கும்.

இவற்றை அடக்க உடலிலேயே நொதிகள் உள்ளன. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகியவை முக்கியமானவை. உற்பத்தி இந்தக் காவலை மீறிப் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் இதற்கு வரையறை தந்தார்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் என்று சொல்ல முடியாது. கதிர்வீச்சும் அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜனும் உடலை ஒரே வழியில், ஃப்ரீ ரேடிகல் மூலமாகக் கெடுக்கின்றன என்று 1954இல் எழுதியவர் அர்ஜென்டினாவில் பிறந்த ரெபெக்கா கெர்ஷ்மன். 1956இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கே இவைதான் காரணம் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1969இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடை அழிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருக்கிறது என்று காட்டிய பிறகு நிலைமை மாறியது. அழிக்க ஏற்பாடு இருக்கிறது என்றால், அழிக்கப்பட வேண்டியதும் உள்ளே இருக்கத்தானே வேண்டும்?

‘இரும்பு துருப்பிடிப்பதைப் போல உடலும் துருப்பிடிக்கிறது’ என்கிறார்களே?

விளம்பரத்துக்கு ஏற்ற வாசகம், உண்மைக்குப் போதாது. துருவால் இரும்புக்கு எந்தப் பயனும் இல்லை. நம் உடலோ இந்த மூலக்கூறுகளை வேண்டுமென்றே தயாரிக்கிறது. வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கியதும் அதன் மேல் சூப்பராக்சைடைப் பொழிகின்றன. அதைத் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே பழுதாகி இருக்கும் குழந்தைகளுக்குக் ‘குரோனிக் கிரானுலோமேட்டஸ் நோய்’ வருகிறது. சாதாரணக் கிருமியும் பூஞ்சையும் கூட அவர்கள் உயிருக்கு ஆபத்தாகிவிடும். தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்யவே ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. இன்சுலின் தரும் செய்தி உயிரணுவுக்குள் கடத்தப்படுவதிலும் சிறிதளவு பெராக்சைடுக்குப் பங்குண்டு.

பின்னாளில் சீஸே இதை இரண்டாகப் பிரித்துப் பேசினார்: உடலுக்கு வேண்டிய மெல்லிய அழுத்தம் ஒன்று, உடலைக் கெடுக்கும் அழுத்தம் ஒன்று. இந்தப் பிரிவினை விளம்பரங்களில் இடம்பெறுவதே இல்லை.

சர்க்கரை நோயில் இதன் பங்கு என்ன?

இந்தத் துறையில் மிக உறுதியான வேலை நடந்த இடங்களில் இது ஒன்று. இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது உடலின் பல உயிரணுக்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். இரத்தக் குழாயின் உட்சுவர், விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகிய இடங்களில் உள்ள சில உயிரணுக்களால் அது முடியாது. வெளியே எவ்வளவோ உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. சர்க்கரை நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் குறிவைக்க இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே குவியும் குளூக்கோஸை எரிக்கும்போது மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்சைடை அதிகம் வெளியிடுகிறது. அது குளூக்கோஸ் உடைபடும் பாதையில் ஒரு முக்கிய நொதியை முடக்குகிறது. பாதை அடைபட்டதும் தேங்கும் பொருள்கள் நான்கு வேறு வழிகளில் திரும்பி, நான்கு விதமான சேதம் செய்கின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன்லீ 2001இல் இந்த நான்கையும் ஒரே வேரில் கட்டிக் காட்டினார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தார்கள். மற்றவர்களுக்கு அன்றைய வழக்கப்படி சிகிச்சை. ஆய்வு முடிந்த பின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் கண்டிப்பாக இருந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கண், சிறுநீரகச் சிக்கல்கள் குறைவாகவே வந்தன. உடல் பழைய சர்க்கரையை ‘நினைவில்’ வைத்திருக்கிறது. சர்க்கரை உச்சத்தில் இருந்தபோது எழுந்த ஆக்சிஜனேற்ற அழுத்தம், மரபணுக்கள் இயங்கும் விதத்தில் நீடித்த மாற்றங்களை விட்டுச்செல்வது இதற்கு ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகளை ‘இப்போதுதானே வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதய நோயில்?

கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல், இரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது, அங்குள்ள வெள்ளையணுக்கள் அதைக் கணக்கில்லாமல் விழுங்கி நுரை போல ஊதிப்போகின்றன. கொழுப்புப் படிவின் தொடக்கம் அது. இன்னொரு வழியும் உண்டு: குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சூப்பராக்சைடு பறித்துவிடுகிறது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாமே இந்தப் பறிப்பை அதிகமாக்குகின்றன.

அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் நோய் குறைய வேண்டுமே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்ததில் தவறும் இல்லை. காய்கனி அதிகம் உண்பவர்களுக்கும், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் போன்றவரே வைட்டமின் சி-க்காகக் கொடி பிடித்தார். மிச்சமிருந்தது சோதனை மட்டும்தான்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, இரண்டும், அல்லது வெற்று மாத்திரை என்று கொடுத்து ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாகியிருந்தது. நம்ப முடியாமல் பலர் இதைத் தற்செயல் என்றார்கள். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், கல்நார் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்துகொண்டிருந்த இன்னோர் ஆய்வு, 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்தப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்தன. தற்செயல் என்று சொல்ல இனி வழியில்லை.

இதய நோய்க்கும் பலன் கிடைக்கவில்லை. பிரிட்டனில் 20,536 பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டுகள் கொடுத்த ஆய்வு 2002இல் வெளியானது. அவர்கள் இரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாக ஏறியது. மாரடைப்போ பக்கவாதமோ புற்றுநோயோ குறையவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் கொடுக்கப்பட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தெளிவாகக் குறைத்தது. ஒரே மக்களிடம் ஒரே காலத்தில் இரண்டு மருந்துகளும் சோதிக்கப்பட்டதால், இந்த ஆய்வைத்தான் நான் மற்றவற்றை விடப் பெரிதாக மதிக்கிறேன்.

புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க 35,533 ஆண்களிடம் செலீனியமும் வைட்டமின் ஈ-யும் சோதிக்கப்பட்டன. 2011இல் வந்த கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

ஏன் இப்படி ஆனது?

பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. வேகம் முதலாவது. சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடைப் பிடிக்கும் வேகம், அது வைட்டமின் சி-யோடு வினைபுரியும் வேகத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. மாத்திரையை எத்தனை விழுங்கினாலும் அந்தப் பந்தயத்தில் அது வெல்லாது. உடலின் நொதிகள் வெல்வது, அவை சூப்பராக்சைடு பிறக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால்.

அடுத்தது, பீட்டா கரோட்டினே சில சூழலில் கட்சி மாறிவிடுகிறது. புகையால் சிதைந்த நுரையீரலில், அதிக ஆக்சிஜன் இருக்கும் இடத்தில், அது உடைந்து உண்டாகும் பொருள்கள் தாமே சேதம் செய்கின்றன. இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தது, நன்றாகச் சாப்பிட்டு நல்ல பழக்கங்களோடு வாழ்ந்தவர்களின் அடையாளமாக இருந்திருக்கிறது. அந்த நலனுக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டியது பிழை.

புற்றணுவுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் தொந்தரவுதான் என்பதையும் மறந்துவிடுகிறோம். நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு வைட்டமின் ஈ-யும் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற இன்னோர் ஆன்டிஆக்சிடன்டும் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவருக்குத் தெரியாமல் இந்த மாத்திரைகளை எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு. வைட்டமின் ஈ-யைத் தினமும் 1,600 சர்வதேச அலகு (IU) வரை ஏற்றினால்தான் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றத்தின் தடயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2007இல் காட்டினார்கள். பெரிய ஆய்வுகளில் கொடுத்ததோ பெரும்பாலும் 400 அலகு அல்லது அதற்கும் கீழே. அதாவது, கோட்பாடு சோதிக்கப்படவே இல்லை என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் 400 அலகிலேயே தீங்கு தெரிந்த ஒரு பொருளை நான்கு மடங்காக்கிப் பார்க்க எந்த நெறிமுறைக் குழு சம்மதிக்கும்?

எந்த நோயிலும் ஆன்டிஆக்சிடன்ட் பலன் தரவில்லையா?

சிலவற்றில் தந்திருக்கிறது. எல்லாமே குறுகிய, திட்டவட்டமான இடங்கள். வயதானவர்களின் விழித்திரை நடுப்பகுதி சிதையும் நோயில், குறிப்பிட்ட கட்டத்தைத் தொட்டவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் கலந்த மாத்திரை, நோய் முற்றுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் 2001 ஆய்வு காட்டியது. அதில் முதலில் இருந்த பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, 2013 முதல் லூட்டீன், சியாசாந்தின் என்ற தாவர நிறமிகளைச் சேர்க்கிறார்கள். நோய் இல்லாதவர் ‘கண்ணுக்கு நல்லது’ என்று சாப்பிட்டால் இந்தப் பலன் கிடையாது.

மது அருந்தாதவர்களுக்கு வரும் கொழுப்பு கல்லீரல் அழற்சியில், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் வைட்டமின் ஈ 800 அலகு கொடுத்த 2010 ஆய்வில் 43 சதவீதத்தினருக்குத் திசு முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். பாராசிட்டமால் அளவுக்கு மிஞ்சி விழுங்கியவருக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் உயிர்காக்கும் மருந்து. அங்கே கல்லீரலின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோன் தீர்ந்துபோனதுதான் பிரச்சினை என்று துல்லியமாகத் தெரியும். அதையே இந்த மருந்து ஈடுசெய்கிறது.

சர்க்கரை நோயால் கால் எரிச்சல் உள்ளவர்களுக்கு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் இடைப்பட்டது. நரம்பு வழி ஊசியாகக் கொடுத்த குறுகிய கால ஆய்வுகளில் எரிச்சல் குறைந்தது. மாத்திரையாக நான்கு ஆண்டுகள் கொடுத்த ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

மஞ்சள்? மிளகோடு சேர்த்துச் சாப்பிட்டால் நல்லது என்கிறார்களே?

மிளகுக் கதை உண்மைதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் செய்த ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்க்குமின் 2 கிராமோடு, மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடலில் குர்க்குமின் கிடைக்கும் அளவு 2,000 சதவீதம் கூடியது. இந்த எண்ணைப் போடாத மஞ்சள் மாத்திரை விளம்பரம் குறைவு. குர்க்குமின் தனியாக இரத்தத்தில் சேர்வது அநேகமாக இல்லை என்பதால்தான் அந்தச் சதவீதம் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை விளம்பரம் சொல்லாது. சோதனைக் குழாயில் எதைத் தொட்டாலும் பலன் காட்டும் குர்க்குமின், மனிதர்களிடம் நடந்த கண்டிப்பான சோதனைகளில் அந்த அளவுக்குத் தேறவில்லை. உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் எவ்வளவு என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

செய்யலாம், செய்து என்ன பயன் என்பதுதான் கேள்வி. ஃப்ரீ ரேடிகல்கள் கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடுபவை. பரிசோதனையில் அவை விட்டுப்போன தடயங்களைத்தான் அளக்கிறார்கள். மலிவான முறைகளில் வேறு பொருள்களும் சேர்ந்து கணக்காகிவிடும். கொழுப்பு ஆக்சிஜனேற்றமடையும்போது உண்டாகும் ஐசோப்ரோஸ்டேனின் அளவு நம்பகமானதுதான். ஆனால் எந்த அளவுக்கு மேல் எந்தச் சிகிச்சை என்று ஒத்துக்கொள்ளப்பட்ட வரம்பு கிடையாது. அந்தப் பணத்தில் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது), கொழுப்பு, சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

உணவுப் பொருள்களின் ‘ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்’ பட்டியலும் இதே ரகம். அமெரிக்க வேளாண் துறை தான் வெளியிட்ட அந்தப் பட்டியலை 2012இல் திரும்பப் பெற்றது. சோதனைக் குழாய் மதிப்பெண்ணுக்கும் உடலுக்குள் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதோடு, நிறுவனங்கள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவதையும் காரணமாகச் சொன்னது.

பழமும் கீரையும் அப்படியானால் வீணா?

இல்லவே இல்லை. காய், கனி, பருப்பு, கொட்டை நிறைந்த உணவு இதயத்துக்கு நல்லது என்பதற்கான சான்று குலையவில்லை. அந்த நன்மையை ஒரு வைட்டமினாகப் பிழிந்து மாத்திரையில் அடைக்க முயன்றதுதான் தோற்றது. நார்ச்சத்து, பொட்டாசியம், அந்தத் தட்டில் இடம்பெறாமல் போன வேறு உணவுகள் என்று பல காரணங்கள் அதில் உண்டு.

உடற்பயிற்சிக்குப் பிறகு வைட்டமின் சி எடுக்கலாமா?

2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ குழு, இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் ஈ 400 அலகும் தந்தது. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குவது மாத்திரை எடுக்காதவர்களிடம் தெரிந்தது, எடுத்தவர்களிடம் தெரியவில்லை. தசையில் எழும் சிறிய ஆக்சிஜனேற்ற அழுத்தமே உடலின் காவலைப் பலப்படுத்தும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை வழியிலேயே அழித்துவிட்டது. சிறிய ஆய்வுதான், எல்லா ஆய்வுகளும் இதையே காட்டவும் இல்லை. ஆனாலும் சர்க்கரைக்காக நடைப்பயிற்சி போகிறவர் கூடவே மாத்திரையும் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

அந்துருண்டையால் சிலருக்கு இரத்தம் உடையும் என்பது உண்மையா?

உண்மை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் திறன் குறைவு. நாஃப்தலீன் உருண்டை, மலேரியாவுக்கான பிரைமாக்வின், ஃபாவா அவரை போன்றவை அவர்களுக்குச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலை தெரியும். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளின் துணிப் பெட்டியில் அந்துருண்டை போடக் கூடாது.

புதிய மருந்துகள் எதுவும் வருகின்றனவா?

வெளியிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் ஊட்டுவதை விட்டுவிட்டு, உடலின் சொந்தக் காவல் நொதிகளை முடுக்கிவிடும் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டும் மருந்துகள் மேல் இப்போது கவனம் திரும்பியிருக்கிறது. இந்த வழியும் மென்மையானது அல்ல. சர்க்கரையால் சிறுநீரகம் கடுமையாகப் பழுதான 2,185 பேரிடம் பார்டாக்சலோன் என்ற அத்தகைய மருந்து சோதிக்கப்பட்டது. சிறுநீரக எண்கள் மேம்பட்டன. இதயச் செயலிழப்பு அதிகமானதால் 2012 அக்டோபரில் ஆய்வை நிறுத்தினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒமாவெலாக்சலோன், ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்ற அரிய நரம்பு நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நான் ஏற்கெனவே ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடலாமா?

யார் எழுதிக் கொடுத்தார், எதற்காக என்பதைப் பொறுத்தது. விழித்திரை நோய்க்கோ கல்லீரலுக்கோ மருத்துவர் எழுதியிருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ‘பொதுவான சத்துக்கு’ என்று கடையில் வாங்கியது என்றால், பெரும்பாலானவர்களுக்கு அதை விடுவதால் இழப்பு ஒன்றும் இல்லை. புகைபிடிப்பவரும், அண்மையில் விட்டவரும் பீட்டா கரோட்டின் உள்ள மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். அட்டைப்பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தக் கசிவை வரவழைக்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி ஆகாது. நரம்பு வழியாக அதிக வைட்டமின் சி ஏற்றிக்கொண்டால், வீட்டில் வைத்திருக்கும் சில வகைச் சர்க்கரைமானிகள் உண்மையை விட அதிக அளவைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அந்த நாட்களில் பரிசோதனைக் கூடத்தில் எடுக்கும் அளவையே பார்க்க வேண்டும்.